அஞ்சலை ஊதிக் கொடுத்த கேசட்டுகள்

வெண்கரம்பைக்குச் சிமெண்டு ஆலை வருவதற்கு முன்னால், அதாவது கொடியில் காயப்போட்ட துணியைப் போட்ட நிறத்திலேயே திரும்ப எடுக்க முடிந்த காலத்தில், வடக்குத் தெருக் குணசீலன் தன் வீட்டு முன்னறையில் டிவி கேம் கடை வைத்திருந்தார். மெஷின் திருச்சியிலிருந்து வந்தது. திருச்சிக்கு அது எப்படி வந்தது என்று கேட்டால், ஜப்பான்காரன் செய்ததைப் பார்த்து இன்னொரு நாட்டுக்காரன் செய்து, அவன் செய்ததைப் பார்த்து மூன்றாவது நாட்டுக்காரன் செய்து, பெயர் வைக்கக்கூட நேரமில்லாமல் கப்பலில் ஏற்றிவிட்டார்கள் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள், அது ஏறக்குறைய உண்மைதான். சாம்பல் நிறப் பெட்டி, தலையில் ஒரு வாய், அந்த வாயில் மஞ்சள் கேசட்டைச் செருகினால் டிவிக்குள் ஒரு குட்டி மனுஷன் வலது பக்கமாக ஓடுவான், குழியில் விழுவான், செத்துப்போவான், மறுபடியும் ஓடுவான். கேசட்டின் மேல் 999 விளையாட்டு என்று அச்சடித்திருக்கும், உள்ளே ஏழு இருக்கும், அந்த ஏழே வேறு வேறு பெயரில் சட்டை மாற்றிக்கொண்டு வரும். ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்தும் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்.

ஆனால் எந்தக் கேசட்டும் போட்டவுடன் ஓடிவிடாது. திரை நீலமாக நிற்கும், இல்லாவிட்டால் கோடு கோடாக அழும். அப்போது கேசட்டைப் பிடுங்கி, அதன் திறந்த பக்கத்தில் வாயை வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே மூச்சில் ஊதிவிட்டுப் போட வேண்டும், படம் வந்துவிடும். இந்த வைத்தியத்தை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. வெண்கரம்பையில் அதற்கென்று ஒருத்தி இருந்தாள் என்பதுதான் விசேஷம்.

அவள்தான் தெற்குத் தெரு அஞ்சலை. அப்போது எட்டு வயது. தெற்குத் தெருப் பிள்ளைகள் குணசீலன் வீட்டு நிலைப்படியைத் தாண்டக் கூடாது. ஏன் என்று யாரும் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய தேவை அந்த ஊரில் யாருக்கும் இருந்ததுமில்லை. ஆகவே அஞ்சலை புளியங்கொழுந்தை மென்றுகொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்றாள். ஏரியில் முங்கினால் ஊரே மறந்துபோன பிறகு எழுந்திருக்கிற பெண் அவள், அவ்வளவு மூச்சு. மற்றவர்கள் பத்துத் தடவை ஊதியும் வராத படம் அவள் ஒரு தடவை ஊதினால் வந்தது. அதனால் கேசட் மட்டும் ஜன்னல் கம்பி வழியாக வெளியே வரும், "அஞ்சல, ஊது" என்று ஒரு குரல் வரும், அவள் ஊதிக் கொடுப்பாள், கேசட் உள்ளே போகும், அவள் வெளியிலேயே நிற்பாள். கூலியாக நின்று பார்த்துக்கொள்ளலாம். மூன்று வருஷம் அப்படி ஊதினாள். ஒரு தடவைகூட அவள் கையில் ரிமோட்டைக் கொடுத்ததில்லை. அவள் வாய் பட்ட கேசட் தீட்டில்லை, அவள் கால் பட்டால் மட்டும் தரை தீட்டு என்கிற இந்தக் கணக்கை எந்தக் கல்லூரியில் படித்தார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அவளுக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. ஒவ்வொரு ஊதலின் கடைசியிலும் அந்தச் சந்து வழியாகச் சின்னதாக ஒரு சீழ்க்கை வரும். வேண்டுமென்று செய்வதில்லை, தானாக வருவது.

கடையை மூடிய நாளில் அவளுக்குப் பதினொரு வயது. அன்று குணசீலன் அவளுக்கு ஒரு கேசட்டைக் கொடுத்தார். அது செத்த கேசட். வந்த நாளிலிருந்து ஒரு படமும் காட்டாதது. அஞ்சலை அதை நம்பவில்லை, அன்று பகல் முழுவதும் ஏரிக்கரையில் உட்கார்ந்து தன்னிடமிருந்த மூச்சையெல்லாம் அதற்குள் ஊதினாள். பிறகுதான் மெஷின் தன்னிடம் இல்லை என்பது ஞாபகம் வந்து, சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த வருஷம் ஆலை வந்தது. முதலில் வேப்பிலை வெளுத்தது, அப்புறம் காக்கை வெளுத்தது, அப்புறம் கஞ்சியை ஆற்றுவதற்கு முன்னால் மேலே படிந்ததை ஊதித் தள்ளுவது வழக்கமாகிவிட்டது, அப்புறம் ஊதித் தள்ளவும் மூச்சில்லாமல் அப்படியே குடிக்கப் பழகிக்கொண்டார்கள். வெண்கரம்பை ஆட்கள் ஒரு வாக்கியத்தை இரண்டாக உடைத்துப் பேசத் தொடங்கினார்கள். தேர் நாலு வீதியைச் சுற்ற நாலு நாள் ஆனது. ஆலையின் டாக்டர் மாதம் ஒரு முகாம் போட்டு, எல்லோரையும் ஒரு குழாயில் ஊதச் சொல்லி, எல்லோருடைய தாளிலும் ஒரே வரியை எழுதினார்: பிறவியிலேயே பலவீனமான நுரையீரல். பிறந்த குழந்தைக்கும் அதே வரி, அறுபது வயதுக் கிழவருக்கும் அதே வரி, கொடைக்கானலில் பிறந்து போன வருஷம் வாக்கப்பட்டு வந்த மருமகளுக்கும் அதே வரி. அவள் பிறந்த மலைக்காற்றை அவர் எந்தத் தாளில் பார்த்தாரோ. பிறவிக் கோளாறு என்றால் ஆலைக்குப் பொறுப்பில்லை, புகைக்கூண்டில் தூசிப் பை மாட்ட வேண்டியதில்லை, அவ்வளவுதான் விஷயம். அஞ்சலை அந்த ஆலையிலேயே மூட்டை கட்டுமிடத்தில் இருபது வருஷம் கூட்டிப் பெருக்கினாள். நாற்பத்திரண்டு வயதில் அவளால் குடத்தைத் தூக்கிக்கொண்டு பத்தடி நடக்க முடியவில்லை. அவள் தாளிலும் அந்த வரிதான் இருந்தது. மற்றவர்கள் அதை மடித்து வைத்துவிட்டு மறந்தார்கள். ஏரியில் முங்கிய அஞ்சலைக்கு அந்த வரி நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை குணசீலன் பரணைக் காலி செய்தார். டிவி கேம் மெஷினைக் காயலாங்கடைக்குப் போடும் முன், ஓடுகிறதா என்று பார்க்க மின்சாரத்தில் செருகி ஒரு கேசட்டைப் போட்டார். படம் வரவில்லை. மெஷினின் வாயிலிருந்து மூச்சு வந்தது. புளியங்கொழுந்து வாசனையோடு, ஒரு பிள்ளையின் முழு மூச்சு, அவர் முகத்தில் அடித்தது. அவர் அதை இழுத்தார். இருபத்தைந்து வருஷமாக அடைத்துக் கிடந்த நெஞ்சு கதவைத் திறந்துவிட்டது போல ஆனது. எழுந்து போய் மனைவியிடம் காப்பியில் சர்க்கரை கம்மி என்பதை ஒரே வாக்கியத்தில் சொன்னார். அவர் மனைவி காப்பியை அப்படியே விட்டுவிட்டுத் தானும் போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள்.

சாயங்காலத்துக்குள் வரிசை வடக்குத் தெரு முனையைத் தொட்டது. இது எப்படி நடக்கும் என்று யாரும் கேட்கவில்லை, டோக்கன் எங்கே தருகிறார்கள் என்றுதான் கேட்டார்கள். காலையில் ஆண்கள், மதியம் பெண்கள் என்று பிரித்தார்கள். ஓர் ஆளுக்கு ஒரு மூச்சு, மிஞ்சினால் ஒன்றரை. யாரோ பக்தியில் ஊதுபத்தி ஏற்றப்போக, புகை ஆகாது என்று விரட்டினார்கள். ரைஸ்மில்காரர் சம்சாரம் தனக்கு முன்னால் உட்கார்ந்தவள் அடிமூச்சையெல்லாம் உறிஞ்சிவிட்டாள் என்று சண்டை பிடித்தாள், அந்தச் சண்டையை நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் போட்டாள் என்பதில் அவளுக்கே பெருமை தாங்கவில்லை. ஒரு மாதத்தில் தேர் மறுபடியும் ஒரே நாளில் நிலைக்கு வந்தது. கூட்டம் அதிகமானதும் குணசீலன் ஒரு சட்டம் போட்டார்: அந்தக் காலத்தில் தன் கடையில் விளையாடியவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் மட்டும்தான் டோக்கன். அவரவர் அன்றைக்கு ஊதிவைத்த மூச்சு அவரவருக்குத் திரும்பி வருகிறது என்பது அவர் கண்டுபிடிப்பு. ஊர் அதை உடனே ஒத்துக்கொண்டது, ஏனென்றால் அப்படி நினைத்தால் யாருக்கும் கடன்பட வேண்டியதில்லை.

அஞ்சலை டோக்கன் கேட்டுப் போகவில்லை. அவள் விளையாடியதே இல்லையே. ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது மூச்சு முட்டி அந்தப் பழைய ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். உள்ளே மெஷின் மூச்சு விட்டது. மூச்சின் கடைசியில் ஒரு சீழ்க்கை கேட்டது. கேசட்டை மாற்றினார்கள். அதிலும் சீழ்க்கை. மூன்றாவது கேசட், நாலாவது கேசட், எல்லாவற்றிலும் அதே சீழ்க்கை. அஞ்சலை நாக்கால் தன் உடைந்த பல்லைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் தலை குனிந்தார்கள். அந்தச் சத்தம் யாருடையது என்று அந்த அறையில் தெரியாதவர் ஒருவருமில்லை. ஒரு மாதமாகத் தெரிந்துதான் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"குணசீலண்ணே," என்றாள் ஜன்னலில். "அது என் மூச்சு."

குணசீலன் எழுந்து வந்தார். மரியாதையாகத்தான் பேசினார், வேண்டுமென்றால் இவர்களுக்கு மரியாதையும் வரும். "நீதான் ஊதுன அஞ்சல, இல்லன்னு யாரு சொன்னா? ஆனா கேசட்டு யாருது? மெஷினு யாருது? கரண்டு யாருது?"

"ஊதுனதுக்கு என்ன குடுத்தீங்க?"

"பாக்க விட்டோம்ல?"

அஞ்சலைக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் கிளம்பியது, ஆனால் அதைத் தொண்டை வரை தூக்கி வர மூச்சில்லை. "எனக்கு ஒரு மூச்சு குடுங்க, திட்டிட்டாவது போறேன்," என்றாள். சிலர் சிரித்தார்கள். டோக்கன் இல்லாமல் கொடுத்தால் வரிசை கெட்டுவிடும் என்று ஒருவர் நியாயம் பேசினார். பின்னாலிருந்து ஒருத்தி, கிழக்குத் தெருவில் வாக்கப்பட்டவள், "குடுங்களேன் பாவம்," என்றாள். பாவம் என்ற அந்த வார்த்தை இருக்கிறதே, அதைத்தான் அஞ்சலையால் தாங்க முடியவில்லை. வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஊர் தேறிவருவது ஆலைக்குத் தெரியாமல் போகுமா? மாத முகாமில் குழாயில் ஊதியவர்களின் முள் மேலே மேலே ஏறியது. பிறவிக் கோளாறு எப்படி ஆடி மாதத்தில் சரியாகும் என்று சர்க்காரிலிருந்து ஒரு கடிதம் வந்தது, நேரில் விசாரிக்கத் தேதியும் குறித்தார்கள். ஆலை வருவதற்கு முந்திய மூச்சு கேசட்டில் இருக்கிறது என்பது வெளியே போனால், அப்புறம் எந்த முகத்தோடு அந்த வரியை எழுதுவது? மேனேஜர் யோசித்தார். மிரட்டவில்லை, பூட்டவில்லை. சென்னையிலிருந்து தருண் என்ற பையனை வரவழைத்தார்.

தருணைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பழைய விளையாட்டு மெஷின்கள் என்றால் உயிர். எந்த வருஷம் எந்த மெஷின் வந்தது, அதை யார் யார் காப்பியடித்தார்கள், எந்தக் காப்பியில் எந்தப் பாட்டு சுருதி தப்பும் என்பதெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தான். கேசட்டுகள் அழிந்துபோவதற்குள் அவற்றில் இருப்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, அந்த மெஷின் மாதிரியே நடிக்கிற ஒரு புரோகிராமுக்குள் வைத்துவிட்டால் காலத்துக்கும் இருக்கும் என்று பஞ்சாயத்து அலுவலகத்தில் விளக்கினான். உங்கள் ஒவ்வொருவர் போனிலும் ஏற்றித் தருகிறேன் என்றான். ஊருக்குத் தலைகால் புரியவில்லை. போனிலேயே மூச்சு என்றால் வரிசை எதற்கு, டோக்கன் எதற்கு? குணசீலன் முப்பத்தோரு கேசட்டையும் ஒரு சாக்கில் கட்டித் தானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார்.

அஞ்சலையும் போனாள். வீட்டில் பீரோ ஆடாமல் இருக்க அதன் ஒரு காலுக்கடியில் அந்தச் செத்த கேசட்டை வைத்திருந்தாள், அதை உருவிக்கொண்டு போனாள். அவள் போனபோது தருண் கேசட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு, உள்ளே பல்வரிசை மாதிரி இருந்த பித்தளைப் பின்களை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தான். பஞ்சு கறுப்பாக வந்தது. அறையெங்கும் லேசாகப் புளியங்கொழுந்து வாசனை, அதுவும் ஜன்னல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது.

"என்ன தம்பி தொடைக்கிற?"

"பழைய எச்சில் கறைக்கா. துடைச்சாதான் சரியா படிக்கும்."

"ஊதுனா போவாதா?"

"ஊதவே கூடாதுக்கா." அவன் சிரித்தான், கெட்ட சிரிப்பில்லை. "ஊதுறதால ஒண்ணும் ஆவாது. கழட்டி மாட்டுறதாலதான் படம் வரும். ஊதுனா ஈரம் பட்டு பின்னு களிம்பேறும். உலகம் பூரா பிள்ளைங்க செஞ்ச தப்பு அது."

மூன்று வருஷம் ஜன்னலில் நின்றதை ஒருவன் பஞ்சால் துடைத்து, தப்பு என்றும் சொல்கிறான். அஞ்சலை கையை நீட்டித் தடுக்கத்தான் பார்த்தாள். அவன் கையிலிருந்தது முப்பத்தோராவது கேசட். அவளுடையதை வாங்கித் தன் கருவியில் செருகிப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான், துடைக்காமலே திருப்பிக் கொடுத்தான். "இது செத்துப்போச்சுக்கா. இதுல காப்பி எடுக்க ஒண்ணுமே இல்ல."

மறுநாள் எல்லோர் போனிலும் விளையாட்டு ஏறியது. அச்சு அசல் அதேதான். குட்டி மனுஷன் ஓடினான், அதே குழியில் விழுந்தான், நீலத் திரைகூட அதே நீலம். வெண்கரம்பை முழுவதும் போனை மூக்கருகே வைத்துக்கொண்டு காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை. மெஷினுக்கு ஓடினார்கள், துடைத்துப் பளபளத்த கேசட்டுகளைச் செருகினார்கள். இப்போது படம் முதல் தடவையிலேயே வந்தது, மூச்சு வரவில்லை. மேனேஜர் பஞ்சாயத்துப் பலகையில் நோட்டீஸ் ஒட்டினார்: கேசட்டில் இருந்தது எல்லாம் உங்கள் போனில் பத்திரமாக இருக்கிறது. அந்த எல்லாம் என்ற வார்த்தையை எழுத அந்த ஆளுக்குக் கை கூசவில்லை. ஒரு வாரத்தில் ஊர் மறுபடியும் வாக்கியங்களை உடைத்துப் பேச ஆரம்பித்தது.

விசாரணை நாள் காலையில் குணசீலன் தெற்குத் தெருவுக்கு வந்தார். அறுபது வருஷத்தில் அந்தத் தெருவுக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை, வழி விசாரித்துக்கொண்டு வந்தார். அஞ்சலை வீட்டு வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

"ஒங்கிட்ட ஒண்ணு... இருக்குல்ல," என்றார், மூச்சிரைக்க.

அஞ்சலையின் மகள் பொன்னரசி குறுக்கே வந்தாள். "அம்மா, குடுக்காத. அது கொஞ்ச மூச்சா? ஒரு பகல் பூரா ஊதுனது. நீ இழுத்துக்க. ஒரு வருஷமாவது படுத்துத் தூங்கலாம். உக்காந்துக்கிட்டே தூங்குறியே, நான் பாக்கலையா? இவுங்கள்லாம் இழுத்துத் தீத்தாங்க, ஒனக்கு ஒண்ணாச்சும் குடுத்தாங்களா?"

மகள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அஞ்சலை கேசட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்த மூச்சு வேண்டும், உடம்பு முழுக்கக் கேட்டது. ஆனால் இழுத்துவிட்டால் அது வெளியே தெரியாமல் உள்ளேயே தீர்ந்துபோகும், தாளில் அந்த வரி மட்டும் நிற்கும், நாளைக்குப் பொன்னரசியின் தாளிலும் பிறவிக் கோளாறு என்று எழுதி, பார், தாயைப் போலவே என்பார்கள்.

"மெஷின எடுத்தாங்கண்ணே," என்றாள். "நீங்களே தூக்கியாங்க."

விசாரணை ஊராட்சிப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. உள்ளே சர்க்கார் அதிகாரி, மாவட்டத்திலிருந்து வந்த டாக்டரம்மா, ஆலை மேனேஜர், அவர் பக்கத்தில் ஆலை டாக்டர். ஒருவர் பின் ஒருவராகத்தான் உள்ளே விட்டார்கள், மற்றவர்கள் வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வடக்குத் தெரு முழுவதும் ஜன்னலில்தான் நின்றது. குணசீலன் மெஷினை மேசையில் வைத்துவிட்டு உட்கார இடம் தேடினார். "நீங்க வெளிய நில்லுங்கண்ணே," என்றாள் அஞ்சலை. அவர் போய் நின்றார்.

டாக்டரம்மா குழாயை நீட்டினாள். அஞ்சலை ஊதினாள். முள் கொஞ்சம் அசைந்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

"பார்த்தீங்களா," என்றார் மேனேஜர். "பிறவிலேயே இப்படித்தான்."

"இது என் இப்ப மூச்சு," என்றாள் அஞ்சலை. "இருங்க. அப்ப மூச்சு இருக்கு."

கேசட்டைச் செருகினாள். ஊதாமல்தான் செருகினாள், ஊத அவளிடம் ஒன்றுமில்லை. டாக்டரம்மாவின் குழாயை வாங்கி மெஷினின் வாயில் வைத்துப் பிடித்துக்கொண்டு, சுவிட்சைப் போட்டாள்.

படம் வரவில்லை. மூச்சு வந்தது. முள் எழுந்து நின்றது, கடைசிக் கோட்டைத் தொட்டது, அங்கேயே நின்றது. மூச்சு நிற்கவில்லை. மேசையிலிருந்த தாள்கள் எழும்பின, அலமாரி மேலும் ஜன்னல் விளிம்பிலும் மேனேஜரின் சட்டைக் காலரிலும் படிந்திருந்த வெள்ளைத் தூசி எழும்பி அறை நடுவே நின்று எல்லோருக்கும் தெரிந்தது, மேனேஜர் இருமினார், மூச்சு அதுபாட்டுக்கு வந்துகொண்டேயிருந்தது, ஏரித் தண்ணீரும் புளியங்கொழுந்துமாக மணத்தது. குழாயைப் பிடித்திருந்த அஞ்சலையின் முகத்துக்கும் அதற்கும் ஒரு சாண்தான் தூரம். குனிந்தால் போதும். அவள் குனியவில்லை. வாயை இறுக்க மூடிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, கையை ஆடாமல் வைத்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு ஊதலின் கடைசியிலும் சீழ்க்கை கேட்டது. ஜன்னலில் நின்றவர்களில் சிலர் அழுதார்கள், அழுவதற்கும் அவர்களிடம் போதிய மூச்சில்லை.

ஒரு பகல் முழுவதும் ஊதியது கால்மணி நேரத்தில் தீர்ந்தது.

"இதெல்லாம் சாட்சியா எடுத்துக்க முடியாது," என்றார் மேனேஜர்.

டாக்டரம்மா அவரைப் பார்க்கவில்லை. புதிய தாள் ஒன்றை எடுத்தாள். "பேரு?"

"அஞ்சலை."

"வயசு?"

"பதினொண்ணு."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தாள். நாற்பத்திரண்டு வயதுப் பெண் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இரைத்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா குனிந்து பதினொன்று என்றே எழுதினாள், முள் காட்டியதை எழுதினாள், கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தி அதிகாரியிடம் நகர்த்தினாள்.

"எழுதுனத... படிங்கம்மா," என்றாள் அஞ்சலை.

டாக்டரம்மா படித்தாள். "அஞ்சலை. பெண். வயது பதினொன்று. நுரையீரலில் பிறவிக் குறை எதுவும் இல்லை."

அஞ்சலை திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். கம்பிக்குப் பின்னால் குணசீலன் முகம் இருந்தது, ரைஸ்மில்காரர் சம்சாரம் முகம் இருந்தது, பாவம் என்று சொன்னவள் முகமும் இருந்தது. மகள் ஓடிவந்து தாங்கிக்கொள்ளும் வரை நின்று, இருந்த கொஞ்ச மூச்சைச் சேர்த்து எடுத்தாள்.

"இன்னொரு தடவ படிங்கம்மா," என்றாள். "சத்தமா. ஜன்னல்ல நிக்கிறவங்களுக்கும் கேக்கணும்."